டெர்பி தொரைக்குத் தெவசம்

நகரி
7.9.2025

அன்புத் தங்கை சுலோச்சனாவுக்கு,

அண்ணன் பாலசுந்தரம் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், என் காதைத் தவிர. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்ன சொன்னாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்கெல்லாம் சரி சொன்னேனோ! நாற்பது வருஷம் பவர்லூம் நடுவில் நின்ற காது. இனி இதை ரிப்பேர் பண்ண ஆளில்லை. வாட்ஸ்அப்பும் வேண்டாம். அது வெங்கட் போனுக்கு வரும், அவன் பெண்டாட்டி ஹரிதா படிப்பாள், மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். இந்த விஷயம் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

விஷயம், தொரை தாத்தா.

நைனாவுக்குத் தெவசம் வைக்கும்போது புரோகிதர் மூன்று தலைமுறை பேர் கேட்பார். நைனா பேரைச் சொல்கிறேன். தாத்தா அப்பாவு பேரைச் சொல்கிறேன். தாத்தாவைப் பெற்றவர், புத்தூர் ரயில்வேயில் இருந்த அந்த வெள்ளைக்காரத் தொரை, அவர் பேர் வருகிற இடத்தில் முழுப் பேர் தெரியாததால் இருபத்தெட்டு வருஷமாக "துரைசாமி" என்று ஒரு பொய்ப் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தை மாதம் தேய்பிறை சஷ்டியில் அவருக்கென்றே வைக்கிற தெவசத்திலும் அதே பொய்தான். படையலில் ரொட்டி மட்டும் மறக்காமல் வைக்கிறோம்.

எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. எனக்குப் பிறகு வெங்கட் செய்யும்போது மூன்று தலைமுறை நான், நைனா, தாத்தா என்று முடிந்துவிடும். தொரை வெளியே போய்விடுவார். உலகத்தில் அந்த மனுஷருக்குப் பேர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கடமைப்பட்ட கடைசி ஆள் நான்தான். அதையாவது சரியான பேரில் செய்யவேண்டும், செத்த நாளும் சரிதானா என்று பார்க்கவேண்டும்.

நீ அவருடைய இங்கிலாந்திலேயே இருக்கிறாய், ரிடையரும் ஆகிவிட்டாய். தாத்தாவின் அம்மா பூங்காவனம் ஆயாவின் தம்பிக்கு ரயில்வேயில் வேலை கேட்டு அவர் எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இதனோடு வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்து இருக்கிறது, இங்கிலீஷ் கூட்டெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. பார்த்து எழுது.

அண்ணன்
பாலசுந்தரம்

லெஸ்டர்
25.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வாசற்படியிலேயே நின்று படித்தேன். போனில் "சரி, சரி" என்று நீங்கள் சொன்னது, உங்களுக்குக் காது மிஷின் வாங்கி அனுப்புவதற்கு. அதனால் அது வந்துகொண்டிருக்கிறது.

கையெழுத்து தெளிவாக இருக்கிறது: டபிள்யூ. ஹாலம். நைனா "வில்லியம் தொரை" என்பார், ஊர் "டெர்பி" என்பார். சின்ன வயதில் அதை ஏதோ சீமைச் சரக்கின் பேர் என்று நினைத்திருந்தேன். டெர்பி இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம். எத்தனையோ தடவை அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

இந்த நாட்டில் 1837-லிருந்து பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் அரசாங்கம் பதிவு செய்து வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு கட்டாக அட்டவணை. பேரும் காலமும் தெரிந்தால் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். அது தவிர பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. அதில் வீட்டில் யார் யார், என்ன வயது, என்ன வேலை, எல்லாம் இருக்கும்.

தாத்தாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது தொரை ஆறு மாத லீவில் தாயாரைப் பார்க்கக் கப்பலேறினார், இங்கே ஜுரம் கண்டு போய்விட்டார், தந்தி வந்தது. நைனா சொன்னது இதுதானே? தாத்தா பிறந்தது 1898. ஆகவே 1902-க்கு மேல் ஏதோ ஒரு வருஷம். திதி தை மாதம் என்பதால் ஜனவரியிலிருந்து மார்ச் வரையுள்ள கட்டு. 1902-லிருந்து 1910 வரை ஒவ்வொரு மார்ச் கட்டாகப் பார்த்துவிட்டேன். டெர்பியில் அந்த வயதில் ஒரு வில்லியம் ஹாலமும் சாகவில்லை. இன்னும் தேடுகிறேன்.

உங்கள்
சுலோச்சனா

நகரி
12.10.2025

அன்புத் தங்கைக்கு,

காது மிஷின் வந்தது. போட்டுப் பார்த்தேன். தறிச் சத்தம் இரண்டு பங்காகக் கேட்கிறது, மனுஷப் பேச்சு கேட்கவில்லை. பெட்டியிலேயே வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

மார்ச் கட்டில் இல்லை என்றால் எப்படி? நன்றாகப் பார். நூற்றுப் பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு குடும்பம் தப்பான நாளிலா சோறு வைக்கும்?

நீ பெண்பிள்ளை, உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நைனா கண்ணும் என் கண்ணும் பூனைக்கண். உனக்கு அம்மா கண் வந்துவிட்டதால் தப்பித்தாய். எட்டாவது படிக்கும்போது நம் தெரு சம்பத்து எல்லாப் பையன்களுக்கும் நடுவில் சொன்னான்: "தொர உங்க ஆயாவ வச்சிக்கினு இருந்துட்டு, உட்டுட்டு ஓடிட்டான்டா." நான் அவன் பல்லை உடைத்தேன். ஹெட்மாஸ்டர் கேட்டபோது சொன்னேன்: "எங்க தொர ஓடல சார், செத்துட்டாரு. செத்ததாலதான் வரல." அன்றையிலிருந்து எவனும் வாயைத் திறக்கவில்லை. சம்பத்தும் நானும் இன்றைக்கும் ஒன்றாக டீ குடிக்கிறோம். அவன் சிரித்தால் அந்த இடம் காலியாகத் தெரியும்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் சுலோ நான் இந்த ஊரில் நிமிர்ந்து நடந்தேன். வர முடியாமல் போனவர் வேறு, வராமல் போனவர் வேறு. வர முடியாதவருக்குத்தான் நான் தெவசம் வைக்கிறேன்.

அதனால் சீக்கிரம் கண்டுபிடி. தைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது.

பாலசுந்தரம்

லெஸ்டர்
2.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியமா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. இடுப்பு வலிக்கு ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார்கள், பிப்ரவரியில் தேதி கிடைக்கலாம். நாற்பது வருஷம் மற்றவர்களைப் படுக்கையில் திருப்பிப் போட்டதற்குக் கூலி. கவலைப்படாதீர்கள். புத்தூர்ப் பக்கம் மழை என்று செய்தியில் பார்த்தேன். தறிக்கூடத்தில் தண்ணீர் வரவில்லையே?

தொரை விஷயம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஹாலம் என்கிற பேரில் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். எது நம்முடையவர் என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். எனக்கு ஒன்று தோன்றுகிறது அண்ணா. பேர் கிடைத்துவிட்டது அல்லவா? இந்தத் தையில் "வில்லியம் ஹாலம்" என்று சொல்லித் தெவசத்தை வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பழைய காகிதம். இத்தோடு விட்டுவிடலாமே?

சுலோச்சனா

நகரி
18.11.2025

சுலோ,

நீ நர்ஸ். நர்ஸ் பேச்சு எனக்குத் தெரியும். நைனாவுக்குக் கேன்சர் என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே "வயித்துப் புண்ணுதான் நைனா, மோர் குடிச்சா ஆறிடும்" என்று சொன்னவள் நீ. நைனா நம்பினார். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நம்பவில்லை. இப்போது முகம் இல்லை, எழுத்து இருக்கிறது. குளிரும் இடுப்பும் மழையும் முக்கால் பக்கம், தொரை கால் பக்கம். மறைக்கிறாய்.

என்ன கிடைத்ததோ அதை எழுது. கிணறு வெட்டப் பூதம் வந்தால் வந்ததுதான். வெட்டச் சொன்னவன் நான். ஆபரேஷன் விஷயத்தை மட்டும் தனியாக விவரமாக எழுது, அதில் நர்ஸ் பேச்சு வேண்டாம்.

பாலசுந்தரம்

லெஸ்டர்
3.12.2025

அண்ணா,

எழுதிவிடுகிறேன். நான்கு தடவை எழுதிக் கிழித்த கடிதம் இது.

அவர் ஜுரத்தில் சாகவில்லை.

1911-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கின் அட்டவணையில் டெர்பியில் ஒரு வில்லியம் ஹாலம் இருக்கிறார். வயது 41. தண்டவாளம் பராமரிக்கிற ரயில்வே இன்ஸ்பெக்டர். மனைவி பேர் ஏடா. மூன்று பிள்ளைகள். முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன், அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்கு முந்தைய 1901 கணக்கில் இந்த நாட்டிலேயே அவர் இல்லை. இருந்திருக்கமுடியாது, அப்போது அவர் புத்தூரில் இருந்தார்.

பிறகு கல்யாணப் பதிவின் நகலுக்குப் பணம் கட்டினேன். 1904, செப்டம்பர் மாதம், டெர்பி. மாப்பிள்ளையின் தொழில்: ரயில்வே இன்ஸ்பெக்டர், முன்பு மதராஸ். அவருடைய நிலைமை என்ன என்று ஒரு கட்டம் உண்டு. அதில் "கல்யாணமாகாதவர்" என்று எழுதியிருக்கிறது. புத்தூரில் தாலி கட்டி, பிள்ளையும் பெற்று, இரண்டரை வருஷத்துக்கு முன்னால்தான் ரயிலேறியவர், அதைச் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார். நம் வீட்டுச் சிபாரிசுக் கடிதத்தில் உள்ள அதே கையெழுத்து.

அதை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். உங்களுக்கு எப்படிச் சொல்வது என்றுதான். மன்னித்துவிடுங்கள்.

சுலோ

நகரி
17.12.2025

சுலோச்சனாவுக்கு,

படித்தேன்.

உயிரோடு, பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஆளுக்கு நம் தாத்தா தெவசம் வைத்திருக்கிறார். சம்பத்து சொன்னது சரி. அவனுக்கு ஒரு பல் நான் கொடுக்கவேண்டும்.

இந்தத் தையில் தெவசம் இல்லை. புரோகிதர் ரமணா சாஸ்திரியிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நைனா தெவசத்திலும் மூன்றாவது பேர் கேட்டால் தெரியாது என்று சொல்வேன். தெரியாதவர்களுக்கும் சாஸ்திரத்தில் இடம் உண்டு.

போகிறவர்கள் எல்லாரும் ஆறு மாதம் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீ மூன்று வருஷம் என்றாய். அம்மா கடைசியில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான்தான் பொய் சொன்னேன், சுலோ நாளைக்கு வர்றாம்மா என்று. வெள்ளைக்காரன் தண்ணீரில் ஏதோ இருக்கிறது போலிருக்கிறது.

இனி இதைப் பற்றி எழுதவேண்டாம்.

பாலசுந்தரம்

லெஸ்டர்
4.1.2026

அண்ணா,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கூரியரில் அனுப்புகிறேன், திருப்பி அனுப்பாதீர்கள்.

முதலில் அம்மா. 2020 மே மாதம், கொரோனா. விமானம் இல்லை. நான் இருந்த வார்டில் நாளைக்கு மூன்று பேர், நாலு பேர் என்று செத்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய அம்மாவோ என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் பிள்ளையையும் உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் நீங்கள் அனுப்பிய படம், அம்மா மாலையோடு. நான் வரவில்லை என்று ஐந்து வருஷமாக ஜாடையாகச் சொல்கிறீர்கள். அதற்கு முன்னால் வந்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும் அண்ணா. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று நினைத்தேன். அதை நீங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் மேல் பழி போடாதீர்கள்.

இனி தொரை. 1911 கணக்கில் நான் பார்த்தது அட்டவணையைத்தான், யாரோ பெயர்த்து எழுதிய பட்டியல். அந்த வருஷத்து மூலப் படிவங்களை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள், வீட்டுக்காரரே தன் கையால் நிரப்பியது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் டெர்பி நூலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் அந்தப் படிவத்தின் படத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

முதல் வரி வில்லியம். இரண்டாவது ஏடா. பிறகு மூன்று பிள்ளைகள், எல்சி, ஜார்ஜ், ஹேரல்ட். ஆறாவது வரி ஒன்று இருக்கிறது. அதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்திருக்கிறது, அதனால்தான் அட்டவணையில் சேரவில்லை. அடித்த கோட்டுக்குக் கீழே அவர் கையெழுத்து நன்றாகத் தெரிகிறது.

அப்பாவு. மகன். வயது 13. பிறந்த இடம் புத்தூர், மதராஸ்.

நான் நூலகத்தில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று இரவு அந்த வீட்டில் தூங்குகிறவர்கள் பேரை மட்டுமே எழுதவேண்டும் என்பது விதி. படிவத்தின் தலையிலேயே அச்சடித்திருக்கிறது. இல்லாத பிள்ளையை எழுதினால் கணக்கெடுக்க வந்தவர் அடித்துவிடுவார், அடித்திருக்கிறார். அவர் ஏன் எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. விதியைப் படிக்காமல் எழுதிவிட்டாரா? அந்தக் காகிதம் சமையலறை மேஜையில் கிடந்திருக்கும், ஏடா பார்த்திருப்பாள், பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். "கல்யாணமாகாதவர்" என்று பொய் சொன்ன கை, ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் பையனின் வயதைச் சரியாக எழுதியிருக்கிறது. வயது தப்பில்லை அண்ணா. எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

படத்தை அச்செடுத்து இதனோடு வைத்திருக்கிறேன். தெவசம் வையுங்கள் என்று சொல்லமாட்டேன். பாருங்கள், அவ்வளவுதான்.

சுலோ

நகரி
17.1.2026

அன்புத் தங்கைக்கு,

அம்மா விஷயத்தில் நான் எழுதியது தப்பு. அதை எழுதிவிட்டுத் தபால்பெட்டியில் போடும்போதே தெரிந்தது, கை உள்ளே போகிறதா என்று பார்த்தேன், போகவில்லை.

உன் காகிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். பொங்கல் அன்றைக்கும் பையில்தான் இருந்தது. யாரிடமாவது கேட்கவேண்டும் போலிருந்தது. நம் ஊரில் கேட்டால் ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் நேற்றுத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். வடமாலபேட்டையில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டான், திருமலைக்குப் போகிற கூட்டம்.

கோவிந்தராஜர் கோயில் பின்னால் வெங்கடராகவன் சுவாமி இருக்கிறாரே, நம்மிடம் வேட்டி எடுப்பவர், கோயிலில் பாராயணம் பண்ணி ரிடையர் ஆனவர். அவரிடம் போய், உயிரோடு இருந்த ஆளுக்குத் தெவசம் வைத்தால் என்ன பாவம் என்று கேட்டேன். அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். என் காதுக்காகக் கத்திக் கத்திக் கேட்டார். ரகசியம் காக்கத் திருப்பதி வரை போனவன், சன்னதித் தெருவுக்கே கதையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

"தந்தி வந்ததுன்னு யார் ஓய் சொன்னா?"

"நைனா சொல்லுவாரு சாமி."

"உம்ம தாத்தா மொதல் தெவசம் பண்றச்சே என்ன வயசு?"

"பதினாறுன்னு நைனா சொல்லுவாரு. மீச மொளைக்கச் சொல்லோ தர்ப்ப புடிச்சேன்னு தாத்தா சொல்லிக்கினே இருப்பாராம்."

"அந்த மனுஷர் ரயிலேறறச்சே?"

"தாத்தாவுக்கு நாலு வயசு."

அவர் விரல் விட்டு எண்ணினார். "தந்தி வந்திருந்தா நாலு வயசுக் கொழந்தை கையில தர்ப்பையைக் குடுத்து அன்னிக்கே பண்ணியிருப்பாளே. பன்னெண்டு வருஷம் எதுக்குக் காத்துண்டிருந்தா? ஊரை விட்டுப் போனவாளைப் பத்தி ஒரு சேதியும் இல்லேன்னா பன்னெண்டு வருஷம் பாக்கணும். அதுக்கப்புறம்தான் போயிட்டான்னு வெச்சுண்டு காரியம் பண்ணணும். செத்த நாள் தெரியாதோன்னோ? அதனால வீட்டை விட்டுக் கெளம்பின நாளையே திதியா வெச்சுக்கறது. பெரியவா வழக்கம். உங்காத்துல எந்தத் தந்தியும் வரல ஓய்."

புரிகிறதா சுலோ? தை தேய்பிறை சஷ்டி அவர் செத்த நாள் இல்லை. புத்தூர் ஸ்டேஷனில் அவர் ரயிலேறின நாள். நீ பார்த்த மார்ச் கட்டுகளில் அவர் எப்படி இருப்பார்? நாம் இரண்டு பேரும் போன நாளை வைத்துக்கொண்டு செத்த நாளைத் தேடியிருக்கிறோம்.

பூங்காவனம் ஆயா பன்னிரண்டு தை பார்த்திருக்கிறாள். கழுத்தில் தாலியோடு, நெற்றியில் பொட்டோடு. பிறகு பதினாறு வயதுப் பிள்ளையைக் குளத்தங்கரையில் உட்காரவைத்து, அவளாகவே தாலியைக் கழற்றியிருக்கிறாள். தந்திக் கதையும் அவள் கட்டியதாகத்தான் இருக்கும். உட்டுட்டு ஓடினவன் பிள்ளை என்று அப்பாவுவை எவனும் சொல்லக்கூடாது என்று. அந்தக் கதையை வைத்துத்தான் நான் சம்பத்து பல்லை உடைத்தேன். உடைத்தது நானில்லை, அவள்தான்.

அங்கே அவர் அந்த வரியை எழுதியபோது, இங்கே அவளுக்கு ஒன்பதாவது வருஷம். இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு கார்டு போட்டிருக்கலாம் அந்த மனுஷர். காலணாதான் ஆகியிருக்கும்.

தெவசம் பற்றி இன்னும் முடிவு பண்ணவில்லை. அவர் உண்மையில் எப்போது போனார் என்று பார்.

பாலசுந்தரம்

லெஸ்டர்
28.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பூங்காவனம் ஆயாவை நான் ஒரு பேராகத்தான் நினைத்திருந்தேன். இப்போது அவள் கழுத்து தெரிகிறது.

மார்ச் கட்டை விட்டுவிட்டு எல்லாக் கட்டையும் பார்த்தேன், ஒரே மணி நேரத்தில் கிடைத்துவிட்டார். இறப்புப் பதிவின் நகல் நேற்று வந்தது. வில்லியம் ஹாலம், வயது 56, டெர்பி. 1926 நவம்பர் 19. நிமோனியா. பக்கத்தில் இருந்து பதிவு செய்தவர் மகள் எல்சி. அந்த வருஷம் நைனாவுக்கு ஒரு வயது இருக்கும். பேரன் பிறந்தது அவருக்குத் தெரியாது.

ஒரு கார்டு போட்டிருக்கலாம் என்றீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் வருஷம் எழுதாமல் விட்டால் இரண்டாம் வருஷம் எழுதக் கூச்சமாக இருக்கும். ஐந்தாம் வருஷம் எந்த முகத்தோடு எழுதுவது என்று இருக்கும். அதற்கு மேல் எழுதவேமாட்டோம், நினைப்பு மட்டும் தினமும் இருக்கும். இது அவருக்கு வக்காலத்து இல்லை. உங்கள் கடிதம் செப்டம்பரில் வராமல் இருந்தால் நானும் எழுதியிருக்கமாட்டேன்.

ஆபரேஷன் பிப்ரவரி 5. ஆகவே தைக்கு நான் இல்லை. வருகிறேன் என்று தேதி போட்டு எழுத ஆசைதான், ஆனால் நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு மரியாதை போய்விட்டது. நடக்க ஆரம்பித்ததும் டிக்கெட் எடுத்துவிட்டு எழுதுகிறேன்.

எந்த நாளில் தெவசம் வைப்பதென்று நீங்களே சொல்லுங்கள்.

சுலோ

நகரி
10.2.2026

அன்புத் தங்கை சுலோவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகன் கிஷோர் வெங்கட்டுக்குச் செய்தி அனுப்பினான். ஹரிதா எழுதிக் காட்டினாள். மாடிப்படி ஏறாதே. நர்ஸுக்கு யார் சொல்வது என்று நினைக்காதே.

வெங்கடராகவன் சுவாமி பழைய பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லி அனுப்பினார். நீ எழுதிய நவம்பர் 19, கார்த்திகை வளர்பிறை சதுர்த்தசியாம். அதுதான் சாஸ்திரப்படி சரியான நாள் என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செத்த நாள் அந்த எல்சியின் நாள், அவள் பக்கத்தில் இருந்தாள். போன நாள்தான் நம்முடையது. பூங்காவனம் ஆயா பன்னிரண்டு வருஷம் பொறுத்துக் குறித்த நாளை மாற்ற நான் யார்?

சனிக்கிழமை சஷ்டி. ரமணா சாஸ்திரியை மறுபடி கூப்பிட்டேன். வெங்கட்டையும் ஹரிதாவையும் உட்காரவைத்து முழுக் கதையையும் முதல்நாளே சொல்லிவிட்டேன். காலையில் பார்த்தால் வெங்கட் எனக்கு முன்னால் குளித்துவிட்டு வேட்டியோடு நின்றான். பேர் கேட்டபோது வில்லியம் என்றேன். சாஸ்திரி கொஞ்சம் திணறி, "இண்டி பேரு?" என்று குடும்பப் பேரைக் கேட்டார். ஹாலம் என்றேன். மந்திரத்தில் வைத்துச் சொன்னார். கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம். நூற்றுப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேருக்குத் தண்ணீர் விழுந்தது. சம்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன். "பல்லு இல்லாதவனுக்கு வடையா?" என்று கேட்டுக்கொண்டே நாலு தின்றான்.

அவர் செய்தது தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கலாம், வரவில்லை. அது தப்புதான். ஆனால் அந்த அடித்த வரியைப் பற்றி நீ கேட்டாயே, விதி தெரியாமல் எழுதிவிட்டாரா என்று, அதற்கு எனக்கு நேற்றுப் பதில் கிடைத்தது.

வார்டு ஆபீசான சச்சிவாலயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், குடும்ப சர்வேயாம். கையில் போனை வைத்துக்கொண்டு அதில் ஏற்றுகிறாள். ஹரிதா பக்கத்தில் நின்று எனக்குக் கேட்கும்படி திருப்பிச் சொன்னாள்.

"மொத்தம் எத்தினி பேரு தாத்தா?"

"அஞ்சு பேரும்மா."

என் பேர், வெங்கட், ஹரிதா, காலேஜ் போகிற பிரித்திகா. நாலும் ஏற்றிவிட்டு அஞ்சாவது யார் என்றாள்.

"சுலோச்சனா. என் தங்கச்சி. அறுபத்தஞ்சு வயசு."

ஏற்றினாள். ஆதார் கார்டு எங்கே என்றாள். அது இங்கிலாந்தில் இருக்கிறது என்றேன்.

"அய்யோ தாத்தா, ஆறு மாசமா இந்த வீட்ல இருந்துகினு கீறவங்க பேரு மட்டுந்தான் போடணும். வெளியூரு ஆளுங்கள எடுத்துடணும்."

"எடுத்துக்கோம்மா," என்றேன். அவள் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள், உன் பேர் போய்விட்டது.

அவள் போனதும் ஹரிதா கேட்டாள்: "உங்களுக்குத்தான் தெரியுமே மாமா, அவங்க இங்க இல்லன்னு. தெரிஞ்சிகினே ஏன் சொன்னீங்க?"

தெரியாமல் என்ன, நன்றாகத் தெரியும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் வேறு எப்படிச் சொல்வது?

அண்ணன்
பாலசுந்தரம்